ஊடுகதிர் தந்த ராண்ட்ஜன்

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தார். மேசைமீது ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இருந்த காற்று ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சி எடுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட குழாயில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் உள்ளே ஓர் ஒளி தோன்றும். அக்காலத்து அறிவியலாளர் பலரும் அந்த ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். இவரும் அதைத்தான் செய்தார்.

குழாயிலிருந்து வெளிச்சம் சிறிதும் வெளியே வரக்கூடாது என்பதற்காக, அதனைக் கறுப்பு அட்டையால் இறுக மூடினார். மூடியது சரிதானா என்று பார்க்க அறையை இருட்டாக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். வெளிச்சம் கசியவில்லை. ஆனால், சற்றுத் தள்ளி இருந்த ஒரு சிறு திரை பச்சை நிறத்தில் மினுங்கியது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்னும் வேதிப்பொருள் பூசப்பட்ட திரை அது. மின்சாரத்தை நிறுத்தினால் மினுக்கம் மறைந்தது. செலுத்தினால் மீண்டும் தோன்றியது. திரையை இரண்டு மீட்டர் தொலைவுக்கு நகர்த்தியபோதும் அது மினுங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்பது அவருக்கு விளங்கியது.

அந்தப் பேராசிரியரின் பெயர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன். அப்போது அவருக்கு ஐம்பது வயது. இன்று நாம் எக்ஸ்ரே என்று அழைக்கும் ஊடுகதிரை உலகுக்குத் தந்தவர் அவர்தான். கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் நம் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்வி பெரிதாக எழுந்ததும் அவருடைய கண்டுபிடிப்புக்குப் பிறகுதான். திறன்பேசி, அருகலை, அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் அலைபரப்பிக் கம்பம் ஆகியவற்றைப் பார்த்து இன்று நாம் கேட்பதும் அதே கேள்விதான்.

ராண்ட்ஜன் 1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ஜெர்மனியில் லென்னெப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். வில்ஹெல்ம் அவருடைய ஒரே பிள்ளை. மகனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் முதல் மாணவராகத் திகழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. இயந்திரப் பொருள்களைச் செய்து பார்ப்பதிலும், காட்டிலும் வயலிலும் அலைந்து திரிவதிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது.

உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தபோது அவருடைய வாழ்க்கையைத் திசைதிருப்பிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியரைக் கேலி செய்து ஒரு படம் வரைந்தான். வரைந்தது யார் என்று விசாரணை நடந்தது. ராண்ட்ஜனுக்கு ஆள் யார் என்று தெரியும். ஆனால், அவர் நண்பனைக் காட்டிக் கொடுக்க மறுத்தார். அதனால் பள்ளியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குத் தேவையான பள்ளி இறுதிச் சான்றிதழ் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

நல்லவேளையாக, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருந்த பல்தொழில்நுட்பக் கல்லூரி, அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களையும் நுழைவுத் தேர்வின்வழி சேர்த்துக்கொண்டது. 1865இல் அங்கே சேர்ந்து, 1868இல் இயந்திரப் பொறியியலில் பட்டயமும் அடுத்த ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார். ஆகஸ்ட் குண்ட் என்னும் இயற்பியலாளர் அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். பொறியாளராக வந்தவர் இயற்பியலாளராக மாறினார். சூரிக் நகரில்தான் ஒரு சிற்றுண்டிக் கடை உரிமையாளரின் மகளான பெர்த்தாவை அவர் சந்தித்தார். பெர்த்தா அவரைவிட ஆறு வயது மூத்தவர். 1872இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பெர்த்தாவின் சகோதரர் மகளைப் பின்னாளில் தத்தெடுத்து வளர்த்தனர்.

பழைய சான்றிதழ்ச் சிக்கல் அதற்குப் பிறகும் அவரை விடவில்லை. 1870ஆம் ஆண்டு ஆசிரியர் குண்ட்டுடன் வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் அங்கே விரிவுரையாற்றும் தகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. வேறு ஊர்களில் பணியாற்றி, தம் ஆய்வுகளால் பெயர் பெற்று, 1888இல் அதே வுர்ட்ஸ்பர்க்கிற்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1894இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

இனி, பச்சை ஒளி மினுங்கிய அந்தத் திரைக்குத் திரும்புவோம். வேறொருவராக இருந்திருந்தால் மறுநாளே ஊரைக் கூட்டியிருக்கலாம். ராண்ட்ஜன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதலில் தம் கண்களையே அவர் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆய்வுக்கூடமே அவருக்கு வீடானது. மாடியில்தான் அவர்களுடைய குடியிருப்பு. இருந்தாலும் உணவும் உறக்கமும் பல நாள்கள் கீழே ஆய்வுக்கூடத்திலேயே நடந்தன. குழாய்க்கும் திரைக்கும் இடையே கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகத்தைக் கதிர் துளைத்தது. சீட்டுக்கட்டைத் துளைத்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பைன் மரப் பலகையும் அதற்குத் தடையாக இல்லை. அலுமினியத் தகட்டைக்கூட ஓரளவு கடந்தது.

ஆனால், ஒரு பொருளிடம் மட்டும் அது தோற்றது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஈயத் தகடு அந்தக் கதிரை ஏறத்தாழ முற்றாகத் தடுத்துவிட்டது. ராண்ட்ஜன் அதையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இந்தச் சிறு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

சோதனைகளின்போது திரையில் அவருடைய சொந்தக் கையின் எலும்புகளே நிழலாகத் தெரிந்தன. டிசம்பர் 22ஆம் நாள் மனைவி பெர்த்தாவைக் கீழே அழைத்து வந்தார். ஒளிப்படத் தகட்டின்மேல் அவருடைய கையை வைக்கச் சொல்லி, சுமார் கால்மணி நேரம் கதிரைச் செலுத்தினார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது விரல் எலும்புகளும், ஒரு விரலில் தொங்குவதுபோல் மோதிரமும் தெரிந்தன. தம் எலும்புகளைத் தாமே கண்ட பெர்த்தா மகிழவில்லை. சாவை முன்கூட்டியே பார்த்துவிட்டதுபோல் கலங்கினார் என்று சொல்லப்படுகிறது. இன்று பல் மருத்துவரிடம் சென்றால் ஊடுகதிர்ப் படம் எடுக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. பெர்த்தா அன்று கையை அசைக்காமல் பதினைந்து நிமிடங்கள் வைத்திருந்தார். அவ்வளவு நேரம் பாய்ந்த கதிர் உடலை என்ன செய்யும் என்று அன்று கணவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

டிசம்பர் 28ஆம் நாள் ராண்ட்ஜன் தம் கட்டுரையை உள்ளூர் அறிவியல் கழகத்திடம் கொடுத்தார். கதிரின் தன்மை இன்னதென்று தெரியாததால், கணக்குப் பாடத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயரிடுவதுபோல், அதற்கும் எக்ஸ் என்றே பெயரிட்டார். புத்தாண்டு நாளில் அச்சிட்ட படிகளையும் சில படங்களையும் பிற நாட்டு இயற்பியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஜனவரி 5ஆம் நாள் வியன்னா நாளேடு ஒன்று செய்தியை வெளியிட்டது. அதன்பிறகு அது உலகெங்கும் காட்டுத் தீயாய்ப் பரவியது. ஜனவரி 13ஆம் நாள் ஜெர்மானியப் பேரரசர் முன்னிலையில் அவர் செய்துகாட்டினார். 23ஆம் நாள் வுர்ட்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில், மூத்த உடற்கூற்றியல் அறிஞர் கோலிக்கரின் கையைப் படம் எடுத்துக் காட்டினார். கோலிக்கர் மேடையிலேயே, இனி இவை ராண்ட்ஜன் கதிர்கள் என்றே அழைக்கப்பட வேண்டும் என்று முன்மொழிந்தார். அரங்கம் ஆரவாரம் செய்தது. ராண்ட்ஜன் மட்டும் கடைசிவரை எக்ஸ் கதிர்கள் என்றே சொல்லிவந்தார்.

ஒரு பெரிய மின்சாதன நிறுவனத்தின் பிரதிநிதி அவரிடம் வந்து, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுவதைப் பற்றிப் பேசினார். பல்கலைக்கழகத்தில் கண்டறியப்படுவது மனித குலம் முழுமைக்கும் உரியது என்பது ராண்ட்ஜனின் கருத்து. அவர் காப்புரிமை பெறவில்லை. பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளும் பிரபுப் பட்டத்தையும் ஏற்கவில்லை. நண்பனைக் காட்டிக் கொடுக்க மறுத்த அதே இளைஞர்தான் இவர் என்பதை இங்கே காண முடிகிறது.

காப்புரிமை இல்லாததால் விளைந்த நன்மை பெரிது. வெற்றிடக் குழாயும் மின்சுருளும் இருந்த எவரும் ஊடுகதிர்க் கருவியை அமைக்க முடிந்தது. சில வாரங்களிலேயே மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டையும் கத்தி வைக்காமலேயே காணத் தொடங்கினர். 1896 ஓராண்டில் மட்டும் இந்தக் கதிர்களைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்கு அவர்களுடைய எலும்புகளைக் காட்டும் வேடிக்கை தொடங்கியது. அளவும் இல்லை, விதியும் இல்லை.

தீங்கின் முதல் அடையாளங்கள் அதே ஆண்டில் தோன்றின. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், ஒரு குழந்தையின் தலைக்குள் தங்கிய குண்டைக் கண்டறிய வேண்டியிருந்தது. அதற்கு முன்னோட்டமாகப் பேராசிரியர் டட்லி தம் தலையையே சோதனைக்குக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கதிர் பாய்ந்தது. அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, கருவிக்கு நேராக இருந்த பகுதியில் முடி கொட்டியது. கேட்டவர்களில் பலர் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். வேண்டாத முடியை நீக்க இந்தக் கதிரையே பயன்படுத்தலாமே என்றுகூடச் சிலர் புறப்பட்டனர். பிறகு அதைத் தொழிலாகவும் நடத்தினர்!

தோல் சிவந்தது, கொப்புளம் வந்தது என்ற செய்திகளும் வந்தன. கதிர் காரணமாக இருக்காது, கருவியைச் சுற்றியுள்ள மின்சாரம்தான் காரணம் என்று சிலர் வாதிட்டனர். எலிஹு தாம்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். தம் இடக்கைச் சுண்டுவிரலைத் தினமும் அரை மணி நேரம் குழாய்க்கு அருகே வைத்தார். பல நாள்கள் இப்படிச் செய்தார். முதலில் எந்த மாற்றமும் இல்லை. சில நாள்கள் கழித்து விரல் வீங்கியது, வலித்தது, கொப்புளித்தது. ஒரு விரலை இழந்தாலும் சமாளிக்கலாம் என்றுதான் அவர் சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கேள்விக்கு விடை தேட அவர் கையாண்ட முறை கடினமானது. ஆனாலும், அனுமானத்தால் அன்றி, சோதனையால் அவர் விடை கண்டார்.

கிளாரன்ஸ் டாலிக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. அவர் தாமஸ் எடிசனிடம் கண்ணாடிக் குழாய் ஊதும் பணியாளர். எடிசன் ஊடுகதிர்க் கருவிகளை மேம்படுத்த முயன்றபோது, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க டாலி தம் கையையே ஆயிரக்கணக்கான முறை கதிரின் முன் நீட்டினார். ஒரு கை புண்ணானதும் மறு கையைப் பயன்படுத்தினார். புண்கள் ஆறவில்லை, புற்றுநோயாக மாறின. கைகள் வெட்டி எடுக்கப்பட்டன. 1904ஆம் ஆண்டு தம் 39ஆம் வயதில் அவர் இறந்தார். எடிசன் ஊடுகதிர் ஆய்வையே கைவிட்டார்.

ஊடுகதிர் உடலில் பாயும்போது சுடுவதில்லை, வலிப்பதில்லை. காயம் வாரங்கள் கழித்து வருகிறது. புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. அதனால்தான் அறிவாளிகளும் ஏமாந்தனர். இத்தனைக்கும் காக்கும் பொருள் எது என்பது முதல் கட்டுரையிலேயே இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் ஈயம்! பாஸ்டன் நகரப் பல் மருத்துவரான வில்லியம் ரோலின்ஸ் கினிப்பன்றிகள்மீது கதிரைச் செலுத்தி, அவை இறப்பதை 1901இல் எழுதிக் காட்டினார். குழாயைச் சுற்றி மறைப்பு வேண்டும், நோயாளியின் மற்றப் பகுதிகளை மூட வேண்டும் என்றார். அன்று அவர் சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள் மிகச் சிலரே. கதிரால் உயிரிழந்த மருத்துவர்கள், தாதியர், உதவியாளர்கள் ஆகியோருக்காக 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் நினைவுக் கல் நாட்டப்பட்டது. நாட்டியபோதே அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

அப்படியானால் ராண்ட்ஜன் எப்படித் தப்பினார்? தற்செயலாகத்தான். ஒளிப்படத் தகடுகளில் கதிர் பட்டு அவை வீணாகிவிடக்கூடாது என்பதற்காக, ஆள் நுழையும் அளவுக்குத் துத்தநாகத்தால் ஒரு பெட்டி செய்து, குழாயை நோக்கிய பக்கத்தில் ஈயத் தகடு பொருத்தியிருந்தார். அதற்குள் இருந்தபடியே பெரும்பாலான சோதனைகளைச் செய்தார். தகடுகளுக்காகச் செய்த ஏற்பாடு அவரையும் காத்தது. மேலும், 1897க்குள் இந்தக் கதிர்களைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதிவிட்டு வேறு ஆய்வுகளுக்கு அவர் போய்விட்டார்.

1900ஆம் ஆண்டு ராண்ட்ஜன் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கு அளித்தார். ஆயினும், எக்ஸ் என்ற தெரியாத பொருள் தெரியாததாகவே இருந்தது. அதற்கு விடை கிடைத்தது 1912இல், அதே மியூனிக் நகரில். லாவே என்னும் இயற்பியலாளரின் யோசனைப்படி, ராண்ட்ஜனிடம் பயின்ற இளைஞர்கள் இருவர் ஊடுகதிரைப் படிகத்தின் வழியே செலுத்தினர். தகட்டில் விழுந்த புள்ளிகள் அது ஓர் அலைதான் என்று காட்டின. வானொலி அலை, நுண்ணலை, அடுப்பின் வெப்பம், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதாக் கதிர், ஊடுகதிர் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம்; அனைத்தும் மின்காந்த அலைகள். அலையின் நீளம்தான் வேறுபடுகிறது.

இந்தக் குடும்ப உறவே இன்றைய அச்சத்துக்கு ஒரு காரணம். ஊடுகதிர் கொல்லும், திறன்பேசியின் அலையும் அதே இனம், ஆகவே அதுவும் கொல்லும் என்று சிலர் எண்ணுகின்றனர். உறவு உண்மைதான், முடிவுதான் தவறு. மின்காந்த அலையின் ஆற்றல் சிறு சிறு பொதிகளாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு பொதியும் வலிமை பெறும். ஊடுகதிரின் ஒரு பொதி அணுவிலிருந்து எலெக்ட்ரானைத் தட்டிப் பறிக்கும். அதனால் நம் செல்களுக்குள் இருக்கும் மரபுப் பொருள் சிதையலாம். பழ ஈக்களில் அப்படி நிகழ்வதை முல்லர் என்னும் உயிரியலாளர் 1927இல் நிறுவினார். வானொலி அலையின் பொதியோ மிக மெலிந்தது. சன்னல் கண்ணாடியை உடைக்க ஒரு சிறு கல் போதும். பஞ்சை மூட்டை மூட்டையாக எறிந்தாலும் கண்ணாடி உடையாது. ஆனால், மூட்டைகள் அறையை நிறைத்தால் புழுக்கம் உண்டாகும் அல்லவா? நுண்ணலை அடுப்பு உணவைச் சூடாக்குவதும் அவ்வாறே. அருகலைக் கருவியும் ஏறத்தாழ அதே அலையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால், அடுப்பின் திறன் சுமார் ஆயிரம் வாட். அருகலைக் கருவியிலிருந்து வெளிப்படுவது ஒரு வாட்டில் சிறு பங்கு.

திறன்பேசியை முற்றிலும் சந்தேகத்திலிருந்து விடுவித்தாயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2011இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை, வானொலி அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் சேர்த்தது. சான்று குறைவாக இருந்தாலும் ஒதுக்கிவிட முடியாதவற்றுக்கான பிரிவு அது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் உள்ளன. அதன்பிறகும் ஆய்வுகள் தொடர்ந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளுக்கு இணங்கச் செய்யப்பட்டு 2024இல் வெளியான ஒரு பெரிய மீளாய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

அன்றாட மின்காந்த அலைகளில் உண்மையாகவே தீங்கு செய்யும் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தோல் புற்றுநோய்க்கு உறுதி செய்யப்பட்ட காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அது ஆண்டு முழுவதும் கடுமையாகவே இருக்கிறது. அருகலைக் கருவியைப் படுக்கையறையில் வைக்க அஞ்சும் பெற்றோர் சிலர், பிள்ளைகள் நண்பகல் வெயிலில் தொப்பியின்றிப் பந்து விளையாடுவதைக் கண்டு அஞ்சுவதில்லை. இது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

ஊடுகதிரைப் பற்றிய விதிகள் மெல்ல மெல்லத்தான் வந்தன. 1928இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் கதிர்ப் பாதுகாப்புக்கென ஓர் அனைத்துலகக் குழுவை அமைத்தனர். அதற்குப் பின்னரும், காலணிக் கடைகளில் சிறுவர்களின் கால் அளவைப் பார்க்க ஊடுகதிர்ப் பெட்டிகள் பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டன. காலணி வாங்கவே கதிர்! 1950களில்தான் அவை மறையத் தொடங்கின. இன்று கதிரின் அளவு மில்லிசீவர்ட் என்னும் அலகால் கணக்கிடப்படுகிறது. மண், பாறை, காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு மனிதரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். நெஞ்சுப் பகுதியின் ஊடுகதிர்ப் படம் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், அதாவது இயற்கை நமக்குத் தரும் இரண்டு வார அளவு. கணினி வழி எடுக்கப்படும் சிடி ஸ்கேன் சில வேளைகளில் அதைப்போல் நூறு மடங்கு வரை இருக்கும். அதனால்தான் மருத்துவர் அதைத் தேவையின்றி எழுதிக் கொடுப்பதில்லை. படம் எடுப்பவர் கதிரைச் செலுத்துமுன் மறைப்புக்குப் பின்னால் போய் நிற்பதும் இதனால்தான். நமக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ படம். அவருக்கோ அது அன்றாட வேலை.

ராண்ட்ஜனின் இறுதிக் காலம் எளிதாக இல்லை. முதல் உலகப் போரில் அவருடைய கதிர்கள் காயமுற்ற எண்ணற்ற வீரர்களைக் காப்பாற்றின. ஆனால், போருக்குப் பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு அடியோடு சரிந்தது. அவருடைய சேமிப்பும் கரைந்தது. நீண்ட காலம் நோயுற்றிருந்த பெர்த்தா 1919இல் காலமானார். மியூனிக்கிற்கு அருகே வைல்ஹைம் என்னும் ஊரில் இருந்த நாட்டுப்புற வீட்டில் அவர் பெரும்பாலும் தனிமையில் நாள்களைக் கழித்தார்.

1923ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், 77ஆம் வயதில், குடல் புற்றுநோயால் ராண்ட்ஜன் இறந்தார். புற்றுநோய் என்றதும் ஊடுகதிரைத்தான் நம் மனம் நினைக்கும். ஆனால், அவர் கதிருடன் வேலை செய்த காலம் குறுகியது. அதுவும் பெரும்பாலும் ஈயத்தின் மறைவில். ஆகவே அந்நோய்க்குக் கதிர் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுவதில்லை.

கீசன் நகரக் கல்லறையில் பெற்றோருக்கும் பெர்த்தாவுக்கும் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய விருப்பப்படி, அறிவியல் தொடர்பான கடிதங்களும் குறிப்புகளும் எரிக்கப்பட்டன. அந்த நவம்பர் மாலையில் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை இன்று நாம் அறிவது, அவர் அச்சிட்ட கட்டுரைகளிலிருந்தும் அவரைச் சந்தித்தவர்கள் எழுதி வைத்தவற்றிலிருந்தும்தான். பெர்த்தாவின் கைப் படத்தை மட்டும் அவர் முன்பே உலகெங்கும் அஞ்சலில் அனுப்பிவிட்டிருந்தார்.